நாலாவது வாக்குறுதி

அரிசியை உடம்பில் கட்டுவது எல்லாருக்கும் கைவந்துவிடாது. பையைத் திணறத் திணற அடைத்தால் விறைத்து நின்று காட்டிக்கொடுக்கும். தளர விட்டால் நாலு எட்டு நடப்பதற்குள் முழங்காலுக்கு இறங்கிவிடும். பழைய வேட்டியைக் கிழித்து முழ நீளத்துக்குக் குழாய் மாதிரி தைத்த பையில் முக்கால் அளவுக்குக் கொட்டி, வாயைச் சுருக்கி, இடுப்புக்கு இரண்டு, வயிற்றுக்கு ஒன்று, முதுகுப் பள்ளத்தில் ஒன்று என்று இறுக்கி, மேலே புடவையைச் சுற்றினால் ஆள் கொஞ்சம் பூசினாற்போலத் தெரிவாள். அவ்வளவுதான். கும்மிடிப்பூண்டி ரயிலடிக்குப் பின்னால் இருந்த குடிசைகளில் அந்தக் கட்டு தெரிந்தவள் குப்பம்மாள். மற்ற பொம்பளைகளுக்கும் அவள்தான் கட்டிவிடுவாள்.

அறுபத்தாறாம் வருஷம் அது. ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. ரேஷன் கடையில் சிவப்புக் கோதுமையும் மக்காச்சோளமும் போட்டார்கள். அரிசி என்று ஒன்று வந்தால் கல்லும் புழுவும் போக அரைப்படி தேறும். இருபது மைல் வடக்கே, ஆந்திராவில், சூளூர்பேட்டைச் சந்தையில் நெல்லூர் அரிசி குவிந்து கிடந்தது. ஆனால் அது எல்லை தாண்டி இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சட்டம். லாரிக்காரன் கொண்டுவந்தாலும் குற்றம், கூலிக்காரி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தாலும் குற்றம்.

காலை பாசஞ்சரில் போவார்கள். அரிசி வாங்கி, ஏதாவது மாட்டுக் கொட்டகை மறைவில் கட்டிக்கொண்டு திரும்புவார்கள். ரயிலிலேயே ஊர் வரைக்கும் வந்தால் மொத்தமாக மடக்கிவிடுவார்கள் என்று தடாவில் இறங்கித் தார் ரோட்டோடு எல்லையைத் தாண்டி நடப்பார்கள். கிழக்கே பழவேற்காட்டு ஏரியின் உப்புக் காற்று, மேற்கே முள்ளுக்காடு, காலடியில் இளகிய தார். உடம்புச் சூட்டில் அரிசி வெதுவெதுப்பாகி, வேர்வை ஊறி, அரிப்பு எடுக்கும். சொறிய முடியாது. ஏனென்றால் எதிரே ஈச்சமேட்டு செக்போஸ்ட் வந்துவிடும். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மூங்கில், ஓர் ஓலைக் கொட்டகை, நாலு காக்கிச் சட்டை. சில நாள் விட்டுவிடுவார்கள், சில நாள் பிடுங்கிக்கொள்வார்கள். பிடுங்கும்போது தடவிப் பார்த்துத்தான் பிடுங்குவார்கள்.

குப்பம்மாளுக்கு வேறு வழியில்லை. புருஷன் முனுசாமி ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவன். சரிந்த மூட்டை ஒன்று இடுப்பில் விழுந்ததிலிருந்து கயிற்றுக் கட்டிலோடு கிடந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வருவான், அதற்கு மேல் முடியாது. பன்னிரண்டு வயசில் ஒரு மகள் இருந்தாள். மூன்று வயிற்றுக்கும் குப்பம்மாளின் இடுப்புதான் ஆதாரம்.

அவளோடு கூடவே போய்வருகிறவள் குல்சும். பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்த குடும்பம். கொழும்புக்குப் போன புருஷனிடமிருந்து நாலு வருஷமாகக் கடுதாசி இல்லை. பெற்ற உம்மா பத்ருன்னிசாவையும் இரண்டு பெண் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு பஜார்த் தெருக் கோடியில் குடியிருந்தாள். வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டால் அவள் அரிசி சுமப்பது அவளுக்கே தெரியாது என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

தை மாசம், தேர்தலுக்கு ஒரு மாசம் இருக்கும்போது, அரசப்பன் சைக்கிளில் வந்து குப்பம்மாளின் வாசலில் இறங்கினார். பொன்னேரிப் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, வேலையை விட்டுவிட்டு எம்.எல்.ஏ.வுக்கு நிற்கிறவர். கூட குல்சும் நின்றாள்.

அவர் கொடுத்த நோட்டீசை முனுசாமி கட்டிலில் உட்கார்ந்தபடி எழுத்துக் கூட்டிப் படித்தான். ஏரி மதகு பழுது பார்க்கப்படும். பிரசவத்துக்கு ஓர் ஆஸ்பத்திரி வரும். ஏழைகள் தலைச்சுமையாகக் கொண்டுவரும் அரிசிக்கு இருக்கிற தடை நீங்கும். சோதனைச் சாவடியில் ஆண்கள் பெண்களைத் தொடும் அநீதி ஒழியும். இளைஞர்களுக்கு வேலை தரத் தொழிற்சாலைகள் வரும்.

"அஞ்சும் நல்லாத்தாங்க கீது," என்றான் முனுசாமி.

அரசப்பன் குப்பம்மாளைப் பார்த்தார். "இந்த நாலாவது விஷயமாத்தாம்மா வந்தேன். குல்சும் எல்லாத்தையும் சொன்னாங்க."

குப்பம்மாள் சட்டென்று குறுக்கே வந்தாள். "இங்க வாணாம் சார், பின்னால வாங்க," என்று கொல்லைப்புறம் முருங்கை மரத்தடிக்கு அழைத்துக்கொண்டு போனாள். போனதும் குல்சுமின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"இன்னாமே பண்ணிட்ட? எங்க ஊட்டுக்காரருக்கே தெரியாதே!"

"தெரியாம வச்சிக்கினு இன்னாக்கா பண்ணப் போற? அவன் இன்னும் அங்கதான நிக்கிறான்."

நடந்தது போன வருஷம் மாசியில். அப்போது குப்பம்மாளுக்கு ஏழு மாசம். வயிற்றில் பை கட்டாமல் இடுப்பில் மட்டும் கட்டிக்கொண்டு வந்தாள். செக்போஸ்டில் இருந்த ஏட்டு ஒருவன், யாரையும் கடிந்து பேசாதவன், எப்போதும் சிரித்த முகம். "எல்லாரும் வயித்த காட்டிக்கினு வரீங்க. இது அரிசியா புள்ளையா, பாத்துடலாம்," என்று சிரித்துக்கொண்டே, மூட்டையில் குத்தி அரிசி எடுத்துப் பார்க்கிற குத்தூசியை அவள் வயிற்றில் வைத்து அழுத்தினான். அரிசி கொட்டவில்லை. அவன் முகம் வெளிறிப்போய், "போ போ" என்று கம்பத்தைத் தூக்கிவிட்டான். இடுப்பில் இருந்த அரிசியைக்கூடக் கேட்கவில்லை. குல்சும் துப்பட்டியைக் கிழித்துக் காயத்தில் அழுத்திக்கொண்டு மூன்று மைல் நடத்திக் கூட்டிவந்தாள். மூன்றாம் நாள் பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. ரயில் படியில் கால் வழுக்கிக் கம்பி கிழித்துவிட்டது என்று குப்பம்மாள் முனுசாமியிடம் சொல்லிவிட்டாள்.

"நான் சொன்னா அது மேடைப் பேச்சும்மா," என்றார் அரசப்பன். "நீங்க சொன்னாத்தான் அது உண்மை. சந்தை மைதானத்துல மீட்டிங்கு. ரெண்டே நிமிஷம்."

குப்பம்மாள் முருங்கைப் பட்டையை நகத்தால் கிள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "மூணாவதா ஒண்ணு போட்டுக்கீறீங்களே, அரிசிக்குத் தடை எடுக்கறேன்னு. அது நெசமா சார்?"

"நெசந்தாம்மா."

"அது நடந்துட்டா அப்பால எவன் எங்கள சோதிக்கப் போறான்? நாலாவதுக்கு வேலையே இல்லியே."

அரசப்பன் சிரித்துவிட்டார். "என் கிளாசுல இருந்திருந்தா உங்களுக்குத்தான் மொத மார்க்கு."

குல்சும் அவள் தோளைத் தொட்டாள். "சொல்லிடுக்கா. அவங்க கையி என் இடுப்புலயும் பட்டுக்கீது. நானு துப்பட்டிக்குள்ள அய்துட்டு ஊட்டுக்குப் போறவ. ஒனக்குத்தான் வாயி கீது."

மீட்டிங் அன்று சாயங்காலம் முனுசாமி தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தான். வேண்டாம் என்று சொல்லக் குப்பம்மாளுக்குக் காரணம் கிடைக்கவில்லை. பக்கத்துக் குடிசைக்காரர்கள் அவனை மாட்டு வண்டியில் தூக்கி உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். பொரி உருண்டையும் வேர்க்கடலையும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அரசப்பன் மதகைப் பற்றிப் பேசினார், ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசினார். பிறகு, "தாய்மார்களே, இனி நான் பேசப்போவதில்லை. ஒரு தாய் பேசுவாள்," என்று மைக்கை அவள் உயரத்துக்குத் தாழ்த்திவைத்தார்.

தன் குரல் தானே பெரிசாகத் திரும்பி வந்ததைக் கேட்டுக் குப்பம்மாள் ஒரு தரம் பயந்தாள். அப்புறம் மளமளவென்று சொல்லிவிட்டாள்.

"எம் பேரு குப்பம்மா. நானு அரிசி கட்டினு வர்றவ. ஆமா, திருட்டரிசிதான். எம் பொண்ணு கோதுமைக் கஞ்சி குட்சா வயித்தால போவுது, அத்தொட்டு கட்டினு வரேன். செக்போஸ்ட்ல குத்தூசிய எட்த்து எம் வயித்துல குத்தனாங்க. அரிசியா புள்ளையான்னு பாத்தாங்க. புள்ளதான் இருந்துச்சி. இப்ப இல்ல."

மைதானம் ஓவென்று அழுதது. பொம்பளைகள் மண்ணை வாரித் தூற்றினார்கள். அரசப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் நடிக்கவில்லை. கிட்டத்தில் நின்ற குப்பம்மாளுக்கு அது தெரிந்தது.

முனுசாமியைத் திரும்ப வண்டியில் கூட்டிவந்தார்கள். மகள் கேழ்வரகுக் கூழைக் கரைத்துக் கருவாட்டைச் சுட்டு வைத்தாள். அவன் தொடவில்லை. மறுநாள் மத்தியானம்தான் வாயைத் திறந்தான்.

"ரயிலு படின்னியே."

குப்பம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தழும்புக்கு நாந்தான தெனம் வேப்பெண்ண தடவனேன். அப்பகூட சொல்லணும்னு தோணலியா ஒனக்கு? ஊரு பூரா கேட்ட அப்பால நானு கேக்கணுமா?"

"சொன்னாக்கா இன்னா பண்ணியிருப்ப? எய்ந்து போயி அவன அடிச்சிருப்பியா?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய சொல் என்று அவளுக்கே உறைத்தது. முனுசாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அரசப்பன் ஜெயித்தார். பஜாரில் வெடி வெடித்தார்கள். அந்த ஏட்டை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று சேதி வந்தது. பங்குனியில் பொம்பளைகள் தைரியமாக நடந்தார்கள். செக்போஸ்டில் யாரும் கை வைக்கவில்லை. எம்.எல்.ஏ. பெயரைச் சொன்னால் கம்பம் தானாக உயர்ந்தது. குல்சும் நாலு பைக்கு மேல் ஐந்தாவதாக ஒன்று கட்டினாள். "இன்னும் பத்து நாள்ல தடையே போயிடும்க்கா. மூட்டையா தலையில வச்சிக்கினு ராஜநடை நடக்கலாம்," என்றாள். அந்த மாசம் இரண்டு வீட்டிலும் நல்ல சோறு வெந்தது.

சித்திரை முடிகிற சமயம் ஜீப் ஒன்று ரயிலடிக்குப் பின்னால் வந்து நின்றது. அரசப்பன் இறங்கி வந்து முனுசாமியின் கட்டிலிலேயே உட்கார்ந்தார். குப்பம்மாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேம்மா. நாலாவது வாக்குறுதி நடந்துடுச்சி. ஈச்சமேட்டுல பொம்பளைங்களுக்குன்னு தனியா ஒரு ரூம்பு கட்டியாச்சி. இனிமே எந்த ஆம்பளையும் ஒரு பொம்பள மேல விரல் வைக்க முடியாது. சோதனை போட பொம்பள ஆளே வைக்கச் சொல்லி உத்தரவு வாங்கிட்டேன்."

குப்பம்மாளுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. "அப்ப சோதன போடறது நிக்காதா சார்?"

"எப்படிம்மா நிக்கும்? தடை இருக்கே."

"அதத்தான எடுக்கறேன்னீங்க?"

அரசப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். "சட்டசபையில பேசிட்டேன், ரெண்டு தரம். அது இங்க யார் கையிலயும் இல்ல, டெல்லி வரைக்கும் போவணும். இந்த மாநிலத்துக்கு அந்த மாநிலம் எத்தனை டன் குடுக்கறதுன்னு பேச்சு நடக்குது. நடுவுல கடத்தல் அரிசி வந்துக்கினு இருந்தா அவங்க ஒத்துக்க மாட்டாங்க. நானும் இப்ப அரசாங்கத்துல ஒருத்தன். கண்ண மூடிக்கோன்னு நானே சொல்ல முடியுமா? தடை போற வரைக்கும் மானமாவது மிஞ்சட்டும்னுதான் இதச் செஞ்சேன்."

அவர் முகத்தில் பொய் இல்லை.

"அந்த வேலைய ஒங்களுக்கே சொல்லியிருக்கேன். தினக்கூலி. பின்னால நிரந்தரம் ஆவும். நீங்க பேசுனதுல வந்த வேலை. வேற யாருக்குக் குடுக்கறது?"

"எங்காளுங்களயே நானு சோதிக்கறதா?"

"நீங்கன்னா பதமா நடந்துக்குவீங்க. வேற எவளாவது வந்தா?"

ஜீப் புறப்பட்டுப் போனது. முனுசாமி, "மாசாமாசம் கைக்கு வரும். தார் ரோட்டுல நடக்க வாணாம்," என்றான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் கட்டில் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தான்.

குல்சும் சேதி கேட்டுச் சிரித்தாள். "பேஜாரே இல்லக்கா. நீ உள்ள இருந்தா நம்ம ஊட்டு வாசலு மாரி. போவோம், வருவோம்."

அப்படித்தான் இரண்டு மாசம் ஓடியது. தென்னந்தட்டி அடைத்த அறை. உள்ளே ஒரு முக்காலி, ஒரு பானைத் தண்ணீர். ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். குப்பம்மாள் தொட்டும் தொடாமலும் தடவி, "ஒண்ணியும் இல்லீங்க," என்று வெளியே குரல் கொடுப்பாள். தட்டிக்குள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

ஆடியில் புதிய ஆபீசர் வந்தார். சின்ன வயசு, கடமைக்காரர். ஒரு வாரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் அவளைக் கூப்பிட்டார்.

"நீங்க வந்ததுலேர்ந்து ஒரு பொம்பளகிட்டயும் ஒரு பிடி அரிசி கிடைக்கல. ஆனா கும்மிடிப்பூண்டி பஜார்ல தெனமும் நெல்லூர் அரிசி விக்குது. வானத்துலேர்ந்தா விழுது?"

"எனக்குத் தெரியாதுங்க."

"உங்களுக்குத்தாம்மா தெரியும். எந்தெந்த இடத்துல கட்டுவாங்கன்னு உங்களவிட யாருக்குத் தெரியும்? மீட்டிங்ல நீங்களே சொன்னதாமே? நாளையிலேர்ந்து பிடிபடலன்னா வேலை மட்டும் போவாது. உடந்தைன்னு கேசும் எழுதுவேன். எனக்கு உங்க மேல கோவம் இல்ல. எனக்கு மேலயும் ஆளுங்க இருக்காங்க."

அன்றைக்கு ரயிலடிக் குடிசைகளுக்கு வந்து பொம்பளைகளையெல்லாம் கூட்டிவைத்துக் குப்பம்மாள் கெஞ்சினாள். ஆளுக்கு ஒரு பை கொடுத்துவிடுங்கள், மூன்றை விட்டுவிடுகிறேன் என்றாள். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். ஆவணியில் ஆபீசர் ஒரு பை போதாது என்றார். இரண்டானது. இரண்டு பை போனால் மிச்சம் இரண்டில் ரயில் சார்ஜும் அசலும்தான் கட்டும், சோற்றுக்கு எதுவும் மிஞ்சாது. தண்ணீர்க் குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். "கவுர்மெண்டு கை வருது, தள்ளி நில்லு," என்பார்கள்.

குல்சும் மட்டும் பேசிக்கொண்டிருந்தாள், புரட்டாசியில் அந்த ஒரு நாள் வரைக்கும். அன்றைக்கு அவள் இளைத்துப்போய் உள்ளே வந்தாள். இரண்டு பைதான் கட்டியிருந்தாள். வாங்கக் கையில் காசு இல்லை.

"ரெண்டுதான் கீதுக்கா. இன்னிக்கு உட்டுடு. சின்னவளுக்கு அஞ்சு நாளா ஜுரம்."

"வெளிய ஆபீசரு நிக்கிறாரும்மே. நேத்திக்கும் ஒன்ன உட்டேன். ஒண்ணு குடு."

"ஒண்ணு குட்த்தா நானு எதுக்கு நடக்கறேன்?"

"எனக்கு மட்டும் ஆசையா? வேல போயிடும் குல்சும்."

குல்சும் துப்பட்டியை விலக்கி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். "எட்த்துக்கோ. நானா குடுக்க மாட்டேன். நீயே அவுரு."

தட்டிக்கு வெளியே ஆபீசர் இருமினார். குப்பம்மாள் முடிச்சில் கை வைத்தாள். குல்சும் அசையாமல் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவனுங்க தொட்டப்ப அய்தேன்," என்றாள் மெதுவாக. "இப்ப அயுகைகூட வரலக்கா."

அதற்குப் பிறகு அவள் ரோட்டுப் பக்கம் வரவில்லை. அவளும் சந்திரகலா என்கிற இளவயசுக்காரியும் இன்னும் இரண்டு பேரும் தடாவிலிருந்து கிழக்கே இறங்கி, ஏரியின் ஓரமாகச் சேற்றில் நடந்து, ஓடையைக் கடந்து சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்று குப்பம்மாளுக்குத் தெரியும். ஆபீசரிடம் அவள் சொல்லவில்லை. அந்த ஒன்றையாவது சொல்லாமல் இருக்கிறோமே என்று மனசுக்குள் சமாதானம் செய்துகொண்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு வருஷம் வராத மழை மொத்தமாக வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், சேறு அப்பிய புடவையோடு சந்திரகலா செக்போஸ்டுக்கு ஓடிவந்தாள்.

"யக்கா, குல்சும் போயிட்டாக்கா! ஓடையில நேத்திக்கு முட்டியளவு தண்ணி, இன்னிக்கு கழுத்துக்கு வந்துட்ச்சி. நாங்க பைய அவுத்து உட்டுட்டு நீந்தி வந்துட்டோம். அவ அவுக்க மாட்டேன்னா. அரிசி ஊறி இஸ்துக்கினு பூட்ச்சி..."

மீன்காரர்கள் தேடி எடுத்துக் கரையில் கிடத்தியிருந்தார்கள். துப்பட்டி ஏரியோடு போய்விட்டது. தலைமயிர் சேற்றில் விரிந்து கிடந்தது. புதிதாக வந்த ஏட்டும் ஆபீசரும் இருபது அடி தள்ளி நின்றார்கள். ஆபீசர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "பொம்பள உடம்பு. நாங்க யாரும் தொடக்கூடாது. நீங்க போய் அவுத்துட்டு வாங்கம்மா," என்றார்.

எல்லா ஆம்பளைகளும் ஒழுங்காகத் திரும்பி நின்றுகொண்டார்கள்.

குப்பம்மாள் சேற்றில் மண்டியிட்டாள். ஊறின துணியில் முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. விரலுக்கு மசியவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். உப்புத் தண்ணீரும் அரிசிமாவும் வாயில் கரித்தன. நாலு பைகள். அரிசி உப்பிப்போய்க் குழந்தை கனம் கனத்தன. சதையில் கயிறு பதிந்த தடத்தை முந்தானையால் துடைத்தாள். தன் புடவையில் பாதியைக் கிழித்துக் குல்சுமைத் தலை முதல் மூடினாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே பைகளைத் தூக்கிக்கொண்டு ஆபீசரிடம் வந்தாள்.

"ஈர அரிசிய எடை போட்டா ரிக்கார்டுல தப்பா ஏறும்," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "காயவச்சுடுங்க."

குப்பம்மாள் மய்யித்தைப் பார்க்கக் குல்சுமின் வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்ற பொம்பளைகள் விலகவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. உள்ளே குளிப்பாட்டுகிற சத்தம் கேட்டது. குல்சுமின் பெரிய பெண் அவளைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வீட்டுக்கு வந்து முனுசாமியிடம், "நாளைக்குப் போவலய்யா. வேலைய உட்டுடறேன்," என்றாள்.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். "உட்டுட்டா வேற எவளாவது வருவா. அவளுக்கு எங்க கட்டுவாங்க, எப்டி கட்டுவாங்க, ஒண்ணியும் தெரியாது. அந்தப் பொம்பளைங்களுக்கு அதான் நல்லது."

"ஆமா."

"நம்ப பொண்ணுக்கு நாளைக்கு இன்னா ஊத்தறது?"

காலையில் அவள் பழைய கஞ்சியை மகளுக்கு ஊற்றிவிட்டு ஈச்சமேட்டுக்குக் கிளம்பினாள்.

மழை விட்டிருந்தது. கொட்டகைக்கு முன்னால் கோணியை விரித்து அரிசியைப் பரப்பினாள். உப்பேறி மஞ்சளித்துப்போன அரிசி. காக்காய்கள் வந்தன. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குச்சியால் விரட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் மத்தியானம், வடக்கேயிருந்து வரும் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, ரோட்டோரமாகக் குல்சுமின் உம்மா பத்ருன்னிசா நடந்து வந்தாள். வெயிலுக்குக் கையில் குடைகூட இல்லை.

குப்பம்மாள் எழுந்து நின்றாள். "பாயம்மா..."

"பையக் குடு," என்றாள் பத்ருன்னிசா. "அது எம் மருமவன் வேட்டி. அவரு ஞாவகமா அது ஒண்ணுதான் ஊட்ல இருந்துச்சி. அதையும் கிழிச்சித் தெச்சிக்கினு போனா."

நாலு பைகளும் தட்டி மேல் காய்ந்துகொண்டிருந்தன. ஆபீசர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குப்பம்மாள் பைகளை எடுத்தாள். ஒரு கணம் தயங்கினாள். குனிந்து இரண்டு கையாலும் அரிசியை அள்ளி ஒரு பைக்குள் கொட்டினாள். இன்னும் அள்ளினாள். பை நிறைந்ததும் வாயைச் சுருக்கி நீட்டினாள்.

"புள்ளைங்களுக்குப் பொங்கிக் குடு பாயம்மா. நானு பாத்துக்கறேன்."

பத்ருன்னிசா பையை வாங்கினாள். முடிச்சை அவிழ்த்தாள். பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். அரிசி சேற்றிலும் கோணியிலுமாகச் சிதறியது. உள்பக்கத்தை வெளியே திருப்பி, தையல் மடிப்பில் ஒட்டியிருந்த ஒன்றிரண்டு அரிசியையும் நகத்தால் சுரண்டி உதறினாள். நாலு பைகளையும் ஒன்றாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்த வழியே நடந்தாள்.

குப்பம்மாள் சேற்றில் உட்கார்ந்து ஒவ்வொரு அரிசியாகப் பொறுக்க ஆரம்பித்தாள். உள்ளே ஆபீசர் கை கழுவும் சத்தம் கேட்டது. "காஞ்சிருச்சாம்மா?" என்று அவர் குரல் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் ஈரம் கீதுங்க," என்றாள் அவள்.